வெள்ளையாக வந்த ரோபோ: 1980ஆம் ஆண்டு குண்டம் கிட்

பெட்டியைத் திறந்ததும் என் கண் நேராகப் போனது எஜெக்டர் பின் தடங்களின் மேல்தான், அதாவது அச்சிலிருந்து பாகத்தை வெளியே தள்ளும் ஊசிகள் விட்ட வட்டத் தடங்கள். ஓசூர் சிப்காட்டில், பிளாஸ்டிக் வார்க்கும் அச்சுகளை, அதாவது மோல்டுகளைச் செய்கிற டூல் ரூமில் 26 வருடமாக வேலை பார்க்கிறேன். பிளாஸ்டிக்கில் எது கையில் கிடைத்தாலும் திருப்பிப் பார்ப்பேன். பிளாஸ்டிக் உள்ளே நுழையும் வாயான கேட்டை எங்கே விட்டிருக்கிறார்கள், மோல்டின் இரண்டு பாதியும் சேரும் பார்ட்டிங் லைன் எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்த இடத்தில் சுருங்கிக் குழி விழுந்திருக்கிறது என்று தேடுவேன். சோப்பு டப்பா, பிள்ளைகளின் டிபன் பாக்ஸ், பஸ் சீட்டின் கைப்பிடி எதையும் விட்டதில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வரும் நேரமெல்லாம் எனக்கு இதே வேலைதான்.

அக்கா மகன் ஜப்பானில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் இருக்கிறான். போன மாங்காய் சீசனில் ஊருக்கு வந்தவன், ஒட்டிச் செய்கிற ரோபோ பொம்மையின் பாகங்கள் அடங்கிய ஒரு சின்ன அட்டைப்பெட்டியைக் கையில் கொடுத்தான். "மாமா, இது 1980ல போட்ட மோல்டு. உங்களுக்குக் கொடுக்க இதைவிட நல்லதா எனக்கு ஒண்ணும் தோணலை" என்றான். பழைய பொருள் விற்கும் கடையில் வாங்கியதாம். பெட்டியின் பக்கவாட்டில் 300 யென் என்று அச்சடித்திருந்தது. அவன் கொடுத்த விலை அதைப்போலப் பல மடங்கு என்று மட்டும் சொன்னான்.

ரோபோவின் பெயர் குண்டம். நம் பக்கம் அந்தச் சொல்லைக் கேட்டால் தீமிதிதான் ஞாபகத்துக்கு வரும். அவன் வாயில் அது வேறு மாதிரி வருகிறது, ஆனால் தமிழில் எழுத எனக்கு இப்படித்தான் வருகிறது. 1979 ஏப்ரலில் ஜப்பான் டிவியில் தொடங்கிய கார்ட்டூன் தொடரின் நாயக ரோபோ இது. பார்ப்பவர்கள் குறைவாக இருந்ததால் 43 பகுதிகளோடு 1980 ஜனவரியில் தொடரை முன்கூட்டியே முடித்துவிட்டார்கள். அரை வருடம் கழித்து, அதே வருடம் ஜூலையில், இந்த கிட் கடைக்கு வந்திருக்கிறது. டிவியில் கதை முடிந்த பிறகு வந்த பொம்மை யாருக்கு விற்கும் என்று நானாக இருந்தால் யோசித்திருப்பேன். அங்கேயோ பிள்ளைகள் கடை வாசலில் வரிசையில் நின்று வாங்கியிருக்கிறார்கள். 1982 ஜனவரியில் சிபா பகுதியில் ஒரு கடையில் இந்த வகை கிட்டுக்காக முண்டியடித்த பிள்ளைகள் எஸ்கலேட்டரில் விழுந்து அடிபடும் அளவுக்குப் போயிருக்கிறது.

கதையில் ரோபோவின் உயரம் 18 மீட்டர். கிட்டின் அளவு 144இல் ஒரு பங்கு. அதாவது, நின்றால் பன்னிரண்டரை சென்டிமீட்டர். ஒரு கிளிமூக்கு மாங்காயைவிடக் கொஞ்சம் உயரம்.

பெட்டி பழையதா, பின்னால் அச்சடித்ததா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அப்போது மாடல் கிட்டுகளைத் தயாரித்தது பண்டாய் மொக்கெய் என்ற தனிக் கம்பெனி. மொக்கெய் என்றால் மாடல் என்று பொருளாம். 1983இல் அது பண்டாய் என்ற பொம்மைக் கம்பெனியோடு இணைந்துவிட்டது. ஆகவே பெட்டியில் மொக்கெய் என்ற பெயர் இருந்தால் அது அதற்கு முந்தைய சரக்கு. என்னுடையதில் அந்த எழுத்து இருக்கிறது, அக்கா மகன் விரலால் தொட்டுக் காட்டினான். ஆனால் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இதற்காகப் பணத்தைக் கொட்ட வேண்டாம். அதே மோல்டில் அதே பாகங்களை இன்றைக்கும் அவ்வப்போது மறுபடி போடுகிறார்கள். பெட்டியைச் சேர்த்து வைக்கிறவர்களுக்குப் பழையது, ஒட்டி விளையாடுகிறவர்களுக்கு மறுபதிப்பு. நான் பழையதை வெட்டும்போது கை கொஞ்சம் நடுங்கியது உண்மை. "வெட்டத்தானே மாமா வாங்கினேன்" என்று அவன் சொன்ன பிறகுதான் பாகம் வெட்டும் குறடான நிப்பரை எடுத்தேன்.

மாடல் கிட் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பாகங்கள் தனித்தனியாக வராது. ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில், வேப்பங்குச்சியில் இலை ஒட்டியிருக்கிற மாதிரி, ஒட்டியபடி வரும். அந்தச் சட்டத்தை ரன்னர் என்போம். பாகத்தை வெட்டி எடுத்து, ஒட்டி, தேய்த்து, பெயின்ட் அடிக்க வேண்டும். இப்போது வரும் ரோபோ கிட்டுகளில் ஒவ்வொரு நிறமும் அந்தந்த பிளாஸ்டிக்கிலேயே வந்துவிடும், அழுத்தினால் டக்கென்று பொருந்திக்கொள்ளும். இந்த 1980ஆம் வருடத்துப் பெட்டியில் அந்த வசதி எதுவும் கிடையாது. முழுக்க முழுக்க வெள்ளை. பெட்டியின் மேல் படத்தில் நீல மார்பு, சிவப்புக் கால், மஞ்சள் கொம்பு என்று மின்னுகிற ரோபோ உள்ளே சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி படுத்திருக்கிறது. நிறம் கொடுப்பது உங்கள் பொறுப்பு.

எனக்கு இதில் குறை எதுவும் தெரியவில்லை. மோல்டைப் பார்த்தேன், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் வரைந்து மெஷினுக்கு அனுப்புவது கிடையாது. பிளாஸ்டிக் மாடல் மோல்டு என்றால் பெரிய அளவில் ஒரு மாதிரியைக் கையால் செதுக்கி, பேன்டோகிராஃபில் அதைத் தடவிக்கொண்டே சின்ன அளவில் உலோகத்தில் இறக்குவார்கள். மீதியை அரத்தாலும் கல்லாலும் ஆள் உட்கார்ந்து முடிப்பான். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் டூல் ரூமின் மூலையில் ஒரு பழைய பேன்டோகிராஃப் தூசி பிடித்து நின்றது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் அதில் வேலை பார்த்தவர். இந்த ரோபோவின் முகத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது அவர் ஞாபகம் வந்தது. விரல் நகத்தைவிடச் சின்ன முகம். அதில் கண்ணுக்குக் கீழே ஒரு விளிம்பு, கன்னத்தில் இரண்டு வெட்டு, தாடை. மூலைகளெல்லாம் கூர்மையாக நிற்கின்றன. யாரோ ஒருவர் அதற்காகக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பல நாள் உட்கார்ந்திருக்கிறார். அவர் பெயர் எந்தப் பெட்டியிலும் இருக்காது. ரோபோவை வரைந்தவர் குனியோ ஒகாவாரா, அது எல்லோருக்கும் தெரியும். எஃகில் இறக்கியவரை எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

குறைகளும் அந்த மோல்டில்தான் இருக்கின்றன. கை, கால், உடம்பு எல்லாம் முன்பாதி பின்பாதி என இரண்டு ஓடாக வருகின்றன. நிலக்கடலையைப் பிளந்த மாதிரி. ஒட்டினால் நடுவில் ஒரு கோடு நிற்கும். தொடைப் பக்கத்தில் பிளாஸ்டிக் தடிமனாக இருப்பதால் சுருங்கி லேசாகக் குழி விழுந்திருக்கிறது. தோளில் ஒரு பாதி இன்னொன்றைவிட முடியளவு பெரியது. வெர்னியரை வைத்துப் பார்த்தேன், 0.2 மில்லிமீட்டர். எங்கள் கம்பெனியில் இதைக் கொண்டுபோனால் தரப்பிரிவில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 300 யென் பொம்மைக்கு இது பரவாயில்லை என்று சொல்லலாம். ஆனால் எனக்கு அந்த 0.2 மில்லிமீட்டரை எடுப்பதில்தான் இந்த கிட்டின் சுவையே இருந்தது.

சரி, ஒட்டுவதற்கு வருவோம். நம் ஊரில் பிளாஸ்டிக் உடைந்தால் உடனே சூப்பர் குளூதான். இதற்கு அது சரிப்படாது. சூப்பர் குளூ இரண்டு பாகத்துக்கும் நடுவில் கண்ணாடி மாதிரி ஒரு படலமாக இறுகும், தட்டினால் விட்டுவிடும். இந்த கிட் பாலிஸ்டைரீன். அதற்கென்று மாடல் சிமென்ட் இருக்கிறது. அது பசையே இல்லை என்று சொல்லலாம். பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கரைத்து இரண்டு பாதியையும் ஒன்றாகக் கலந்துவிடும், பிறகு கரைப்பான் ஆவியாகிப் போய்விடும். கிட்டத்தட்ட வெல்டிங். கிருஷ்ணகிரியில் எந்தக் கடையிலும் அது கிடைக்கவில்லை. ஸ்டேஷனரி கடை, ஹார்டுவேர் கடை, வாட்ச் கடை என்று ரவுண்டானாவைச் சுற்றி எல்லா இடத்திலும் கேட்டேன். ஹார்டுவேரில் பிவிசி பைப் ஒட்டும் சிமென்ட்டை எடுத்துக் கொடுத்தார்கள். அதை வாங்காதீர்கள், இந்த மெல்லிய பாகத்துக்கு அது மிகவும் கடுமை. கடைசியில் ஆன்லைனில் வரவழைத்தேன். கூரியரில் நாலு நாள்.

ஒட்டும்போது ஒரு முறை இருக்கிறது. இரண்டு விளிம்பிலும் தாராளமாக சிமென்ட் தடவி, அரை நிமிடம் ஊறவிட்டு, அழுத்தினால் நடுவில் பிளாஸ்டிக் பிதுங்கி ஒரு வரம்பு மாதிரி நிற்கும். துடைக்கக் கூடாது. அப்படியே துணி கிளிப் போட்டு விட்டுவிட வேண்டும். பெரும்பாலானவர்கள் மறுநாளே தேய்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். உள்ளே இன்னும் ஈரம் இருக்கும், தேய்த்த பிறகு அது சுருங்கி மறுபடி கோடு விழும். நான் ஒரு வாரம் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஒட்டி அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேய்த்தேன். வேலைக்குப் போகிற ஆளுக்கு இந்த கணக்கு வசதிதான்.

தேய்ப்பதற்கு உப்புத்தாள். 400இல் தொடங்கி 600, 800, 1000 என்று தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். தாளை விரலில் மடித்துத் தேய்த்தால் மூலைகள் உருண்டுபோகும். ஐஸ்கிரீம் குச்சியில் ஒட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தோளின் 0.2 மில்லிமீட்டர் மூன்று ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. நகத்தை மேலே ஓட்டினால் தட்டக் கூடாது, அதுதான் என் அளவுகோல். கண்ணை ஏமாற்றலாம், நகத்தை ஏமாற்ற முடியாது.

மீதி இடுக்குகளை அடைக்க பட்டி வாங்கத் தேவையில்லை. வெட்டிப்போட்ட ரன்னரைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒரு சின்ன கண்ணாடிப் புட்டியில் சிமென்ட்டோடு போட்டு ஒரு இரவு வைத்தால் தேன் பதத்தில் குழம்பாகிவிடும். அதைப் பல்குச்சியால் இடுக்கில் வைத்தால் அதே பிளாஸ்டிக், அதே கடினம். காய்ந்த பிறகு தேய்க்கும்போது வித்தியாசமே தெரியாது. தொடையின் குழி, முதுகில் இருந்த எஜெக்டர் தடம் எல்லாவற்றையும் இப்படித்தான் நிரப்பினேன். இது எனக்கு அக்கா மகன் சொன்ன வழி. டூல் ரூமில் நாங்கள் எஃகில் வெல்டு வைத்து மறுபடி அரைப்பதும் இதே யோசனைதான்.

நெற்றியில் இருக்கும் மஞ்சள் கொம்பு ஆங்கில வி எழுத்து மாதிரி விரிந்திருக்கும். குழந்தைகள் கையைக் குத்தாமல் இருக்க அதைத் தடிமனாக வைத்திருக்கிறார்கள். பார்ப்பதற்கு மாட்டுக்கொம்பு போல் மொத்தையாக இருக்கிறது. பின்பக்கமிருந்து ஊசி அரத்தால் சீவி முனையை மெல்லியதாக்கினேன். கால் மணி நேர வேலை. அதன் பிறகு முகமே மாறிவிட்டது. இந்த கிட்டில் ஒரே ஒரு வேலைதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

இனி மூட்டு. இதுதான் இந்தப் பழைய கிட்டின் பெரிய சிக்கல். முழங்கையும் முழங்காலும் வெளி ஓட்டின் இரண்டு பாதிக்கு நடுவில் சிக்கிக்கொள்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள். உள்ளே முன்கையை வைத்து மேல்கையை மூடி ஒட்டினால் அப்புறம் பிரிக்க முடியாது. கோட்டைத் தேய்க்க வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும், ஆனால் முன்கை நடுவில் நிற்கும். முன்கைக்கு வேறு நிறம் என்றால் டேப் ஒட்டியே களைத்துப்போவோம். இதற்கு ஜப்பானில் பழகிய ஒரு தீர்வு உண்டு. உள்ளே போகிற வளையத்தின் ஒரு பக்கத்தை வெட்டி, திறந்த வாயாக்கிவிட வேண்டும். அதன் பிறகு வெளி ஓட்டை ஒட்டித் தேய்த்துப் பெயின்ட் அடித்து முடித்துவிட்டுக் கடைசியில் முன்கையைத் தள்ளினால் கப்பென்று பிடித்துக்கொள்ளும். வளையத்தை எவ்வளவு வெட்டுவது என்பதில்தான் விஷயம். கொஞ்சம் அதிகமானால் பிடிப்பு போய்விடும். வலது கையில் சரியாக வந்தது. இடது முழங்காலில் கொஞ்சம் அதிகமாக எடுத்துவிட்டேன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

பெயின்ட் வேலைக்கு எங்கள் தெருவில் இருக்கும் லாரி பெயின்டர் அண்ணனிடம் போனேன். கிருஷ்ணகிரியில் பெங்களூர், சென்னை, சேலம் மூன்று பக்கமும் லாரி ஓடுவதால் பட்டறைகளுக்குக் குறைவில்லை. அண்ணனுக்கு வயது அறுபதுக்கு மேல். லாரி முகப்பில் தாமரையும் மயிலும் போட்டே கை தேர்ந்தவர். ரோபோவின் கேடயத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, இதுல எண்ணெய் பிசுக்கு இருக்குமே, ஒரு துடை துடைச்சிட்டு அடிக்கலாம்" என்றார். நியாயமான பேச்சு. மோல்டிலிருந்து எளிதாக வர ஏதாவது தடவியிருப்பார்கள், கழுவாமல் பெயின்ட் ஒட்டாது. நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன். அவர் எப்போதும் லாரித் தகரத்தைத் துடைக்கும் என்சி தின்னரில் பஞ்சை நனைத்துக் கேடயத்தைத் துடைத்துவிட்டார்.

திரும்பிப் பார்த்தபோது கேடயத்தின் முகம் வெயிலில் வைத்த வெண்ணெய் போல் வழவழத்து இருந்தது. பஞ்சின் நார் அதில் பதிந்துவிட்டது. என்சி தின்னரில் இருக்கும் கரைப்பான்கள் பாலிஸ்டைரீனைச் சாப்பிட்டுவிடும். அது எனக்குத் தெரியும், அவருக்குச் சொல்லாதது என் தப்பு. அவர் முகம் சின்னதாகிவிட்டது. "நாப்பது வருசத்துப் பொருளைக் கெடுத்துட்டேனே தம்பி" என்று மூன்று முறை சொன்னார். கேடயத்தை ஒரு வாரம் காயவிட்டு, மேல் தோலைத் தேய்த்து எடுத்து, ரன்னர் குழம்பால் பட்டி பார்த்து, மறுபடி தேய்த்தோம். தேய்த்தது அண்ணன்தான், என்னை விடவில்லை. லாரி கதவில் பட்டி பார்க்கிற கை அது, மேடு பள்ளத்தை உள்ளங்கையாலேயே கண்டுபிடிக்கும். இப்போது அந்தக் கேடயத்தில் எங்கே கெட்டது என்று எனக்கே காட்டத் தெரியாது. நீங்கள் செய்கிறீர்கள் என்றால் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் பழைய டூத் பிரஷ் போட்டுக் கழுவினால் போதும். தின்னர் பாட்டிலை அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

பெயின்டுக்கு முன்னால் பிரைமர் என்கிற அடிப்பூச்சு அவசியம். சாம்பல் நிற பிரைமரை மெல்லிசாக ஒரு கை அடித்தால் அதுவரை கண்ணுக்குத் தெரியாத கீறல் எல்லாம் எழுந்து நிற்கும். வெள்ளை பிளாஸ்டிக்கில் எதுவும் தெரியாது, அதுதான் இந்த கிட்டின் வஞ்சகம். நன்றாகத் தேய்த்துவிட்டோம் என்று நினைத்த காலில் பிரைமருக்குப் பிறகு நான்கு இடத்தில் கோடு தெரிந்தது. மறுபடி குழம்பு, மறுபடி உப்புத்தாள். 

இதற்குள் ஐப்பசி வந்துவிட்டது. மழைக்காலத்தில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் படித்திருந்தேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மழை விட்டதும் மாடியில் வெள்ளையும் நீலமும் அடித்தேன். பெயின்டில் இருக்கும் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படிந்துவிடும். காய்ந்த பிறகு பார்த்தால் பால் சிந்திய மாதிரி மங்கல். வெள்ளை நிறத்தில் அவ்வளவாகத் தெரியவில்லை, ஆனால் மார்பின் நீலத்தில் நன்றாகவே தெரிந்தது. தேய்த்து எடுத்துவிட்டு மார்கழி வரை வேலையை நிறுத்திவைத்தேன். மார்கழிப் பனி விலகிய பகல் பதினொரு மணிக்கு மேல் அடித்தால் நம் ஊரில் பெயின்ட் கண்ணாடி மாதிரி உட்காருகிறது.

மஞ்சளைப் பற்றி அண்ணன் சொன்னது எனக்குப் புதிது. மஞ்சளுக்கு மறைக்கும் சக்தி குறைவு. சாம்பல் பிரைமர் மேல் நேராக அடித்தால் பாசி பிடித்த மாதிரி பச்சையடிக்கும். "லாரியில மஞ்சப் பட்டை போடறதுக்கு முன்னாடி அடியில வெள்ளை போட்டுடுவோம் தம்பி. வெள்ளை சுத்தமா இருந்தாத்தான் மஞ்சள் பேசும்" என்றார். கேடயத்தின் நடுவில் இருக்கும் மஞ்சள் நட்சத்திரச் சிலுவையை அவரே போட்டார். கோடு இழுக்கிற நீள மயிர் பிரஷ்ஷால், மூச்சைப் பிடித்துக்கொண்டு, டேப் ஒட்டாமல். நான் டேப் ஒட்டிப் போட்ட மார்புச் சதுரங்களின் விளிம்பைவிட அவர் கையால் போட்டது நேராக இருக்கிறது. கண்கள் இரண்டையும் பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற என் மகள் பல்குச்சி முனையில் மஞ்சள் தொட்டு வைத்தாள். அவளுக்கு இன்னும் கண்ணாடி தேவைப்படவில்லை.

நிறம் காய்ந்த பிறகு பள்ளமான கோடுகளில் நீர்த்த கறுப்பு எனாமலை ஓடவிட்டு மேலே ஒழுகியதைத் துடைத்தேன். அடியில் லாக்கர் நிறம் இருந்தால்தான் எனாமல் தின்னர் அதைக் கெடுக்காது, வரிசையை மாற்றிவிடாதீர்கள். இந்தப் பழைய கிட்டில் அப்படிப்பட்ட கோடுகள் குறைவு, சீக்கிரம் முடிந்துவிட்டது. கடைசியில் பளபளப்பை அடக்கும் நிறமில்லாப் பூச்சான மேட் கிளியர். பளபளப்பு அடங்கியதும் பன்னிரண்டரை சென்டிமீட்டர் பொம்மை திடீரென்று கனமாகிவிட்ட மாதிரி தெரிந்தது. 

பொங்கல் லீவில் அக்கா மகன் வீடியோ காலில் வந்தான். என் மகளுக்கென்று இன்னொரு கிட்டும் அவன் முன்பே கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அதே குண்டம், அதே 144இல் ஒரு பங்கு, 2020இல் வந்த, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கான என்ட்ரி கிரேடு வரிசை. விலை 700 யென். நிப்பர்கூடத் தேவையில்லை, கையால் திருகினால் பாகம் ரன்னரை விட்டு வந்துவிடும். பசை வேண்டாம், பெயின்ட் வேண்டாம், நீலம் நீலமாக, சிவப்பு சிவப்பாக வருகிறது. என் மகள் ஒரு சாயங்காலத்தில், டிவி பார்த்துக்கொண்டே முடித்துவிட்டாள். காலை அகட்டி நிற்கிறது, முழங்காலை மடக்குகிறது, துப்பாக்கியை நீட்டிக் குறிபார்க்கிறது. ஒட்டுக் கோடெல்லாம் உடம்பின் வரிகளுக்குள்ளேயே மறைகிற மாதிரி பாகங்களைப் பிரித்திருக்கிறார்கள். அந்த மோல்டைச் செய்தவர்களுக்கு நான் எழுந்து நின்று கும்பிடுவேன். கேட்டை அவ்வளவு சின்னதாக வைத்து, பிளாஸ்டிக்கும் முழுதாக நிரம்பி, கையால் முறித்தால் தழும்பில்லாமல் வருவதென்றால் அதற்குப் பின்னால் எத்தனை தடவை மோல்டைத் திருத்தியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புதியதுதான் நல்ல பொருள், சந்தேகமே இல்லை. பழையது காலை முன்னும் பின்னும் ஆட்டும், பக்கவாட்டில் விரிக்காது. இடுப்பு திரும்பாது. நின்றால் பள்ளிக்கூட அசெம்பிளியில் நிற்கிற பையன் மாதிரி விறைப்பாக நிற்கும். உங்கள் வீட்டில் பத்து வயதுப் பிள்ளை ரோபோ கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு புதியதை வாங்கிக் கொடுங்கள். பழையதைக் கொடுத்தால் ஒட்டும் முன்பே வெறுத்துவிடும், சிமென்ட் நெடியும் பிள்ளைகளுக்கு ஆகாது. பெரியவர்களும் ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் ஒட்ட வேண்டும். 

ஆனால் கையில் அரம் பிடித்தவர்கள், தச்சர், தையல்காரர், வாட்ச் ரிப்பேர் செய்கிறவர், கோலம் போட்டால் புள்ளி விலகக் கூடாது என்று நினைக்கிறவர், இவர்களுக்கெல்லாம் நான் பழையதைத்தான் சொல்வேன். மறுபதிப்பு வாங்குங்கள். சிமென்ட், பிரைமர், ஐந்து நிறம், கிளியர், உப்புத்தாள் எல்லாம் சேர்த்து எனக்கு 2,800 ரூபாய் ஆனது. பாதிக்கு மேல் புட்டியில் மிச்சமிருக்கிறது. இந்த கிட் உங்களிடம் எதையும் முடித்துக் கொடுப்பதில்லை. தோளில் ஒரு 0.2 மில்லிமீட்டரை விட்டுவைத்திருக்கிறது, தொடையில் ஒரு குழியை விட்டுவைத்திருக்கிறது, நிறத்தை முழுசாகவே விட்டுவைத்திருக்கிறது. ஜப்பானில் யாரோ தொடங்கிய வேலையை 45 வருடம் கழித்து கிருஷ்ணகிரி லண்டன்பேட்டை பக்கத்தில் ஒரு மாடியில் மூன்று பேர் சேர்ந்து முடித்தோம். மகள் செய்த ரோபோவைப் பார்க்க வருகிறவர்கள் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுகிறார்கள். இதைப் பார்க்கிறவர்கள் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிறார்கள். அண்ணன் தன் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்து கேடயத்தைக் காட்டினார். எங்கே தின்னர் பட்டது என்பதை அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

இடது முழங்காலைச் சொல்ல மறந்துவிட்டேன். வளையத்தை அதிகம் வெட்டியதால் தை பிறந்ததிலிருந்து ஒவ்வொரு நாள் காலையிலும் ரோபோ அலமாரியில் மண்டி போட்டிருந்தது. முதலில் மூட்டுக்குள் தாளை மடித்து வைத்துப் பார்த்தேன், பெயின்ட் உரசியது. பிறகு உள்முளையில் சூப்பர் குளூவை ஒரு மெல்லிய படலமாகத் தடவி, எதோடும் ஒட்டாமல் தனியாக முழுக்கக் காயவிட்டு, 1000 உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுத்துப் போட்டேன். வெர்னியரில் பார்த்தால் விட்டம் 0.1 கூடியிருக்கிறது. திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் அலமாரியைப் பார்த்தேன். நின்றுகொண்டிருந்தது. இன்றைக்கு வியாழன், இன்னும் நிற்கிறது.